சின்னத்திரைப் பாத்திரங்களும் சிறுவர் பொம்மைகளும்

தோற்றுவாய்

பொம்மை செய்தல் மக்கள் கைத்தொழில்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று. பண்டைத் தமிழகத்துச் சிறார் மூன்றுருளைச் சிறுதேர் கொண்டு விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுபறையையும் சிறுதேரையும் சிற்றிலையும் தனித்தனிப் பருவங்களாக வகுத்து, குழந்தை விளையாட்டுக்கு இலக்கியத்தில் ஓரிடம் அளித்தனர். அச்சிறுதேருக்குத் தனிப்பெயர் இல்லை. அதன் உருவத்துக்கு உரிமை கொண்டாடுவாரும் இல்லை. தச்சன் செய்தான், தந்தை வாங்கினான், குழந்தை உருட்டிற்று.

இக்காலத்துப் பொம்மையோ பெயருடையது. அப்பெயர் ஒரு கதையினின்று வந்தது. அக்கதை தொலைக்காட்சியினின்று வந்தது. அக்கதைக்கு உரிமையாளர் எங்கோ ஓர் ஊரில் இருக்கின்றார். செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே அவ்வுரிமையாளர் மூன்றாமவராய் வந்து நிற்கின்றார். இதுவே பழைய பொம்மைக்கும் புதிய பொம்மைக்கும் உள்ள முதல் வேற்றுமை.

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது ரெட்டியார்சத்திரம். தைப்பூசத்தையொட்டி அடியவர் கூட்டங்கூட்டமாய் இவ்வழியே நடந்து செல்வர். வழியோரக் கடைகளிலும் சுற்றூர்த் திருவிழாக் கடைகளிலும் தொங்கும் பொம்மைகளை நோக்குவார், அவற்றுட் பல சின்னத்திரையிற் கண்ட முகங்களே என்பதை எளிதில் உணர்வர். அவற்றுள் உரிமம் பெற்றுச் செய்தவை எவை? பெறாது செய்தவை எவை? குழந்தை வாயில் வைப்பினும் தீங்கு பயவாதவை எவை? அழும் பிள்ளையை இடுப்பில் ஏந்தி, கையிலுள்ள நாட்கூலியை எண்ணிப் பார்க்கும் தாயொருத்திக்கு இவை வீண் வினாக்கள் அல்ல. ஆகலின், இத்தகைய பொம்மைகள் எவ்வாறு எண்ணி வகுத்து உருவாக்கப்படுகின்றன என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கதையினின்று கடைக்கு

கதைப் பாத்திரத்தைப் பொம்மையாக்கி விற்றல் தொலைக்காட்சிக்கு முந்திய வழக்கமாகும். இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் பெண்மணியார் எழுதிய பீட்டர் முயலின் கதை 1902-இல் நூலாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அடுத்த ஆண்டிலேயே அவர் அம்முயலைத் துணிப்பொம்மையாக அமைத்து, அதன் உருவ உரிமையைப் பதிவு செய்துகொண்டார். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியாரின் மிக்கி எலி 1928-இல் வெள்ளித்திரை ஏறிற்று. 1933-இல் கைக்கடிகாரத்தின் முகத்திலும் ஏறிற்று. இவ்விரண்டிலும் கதை முன்னது, பண்டம் பின்னது.

தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்தபின் இவ்வரிசை தலைகீழாயிற்று. மாட்டெல் நிறுவனத்தார் 1982-இல் ஹீ-மேன் என்னும் வீரனை முதலிற் பொம்மையாக விற்று, 1983-இல் அவனுக்கெனத் தொலைக்காட்சித் தொடர் அமைத்தனர். கதை கேட்க அமர்ந்த குழந்தை, தான் அறியாமலே அரைமணி நேர விளம்பரத்தைக் கண்டது எனப் பெற்றோர் பலர் குறை கூறினர். இத்தகைய கவலைகளின் பயனாக 1990-இல் அந்நாட்டில் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் பிறந்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளின் இடையே விளம்பரங்கள் வாரக்கடைசி நாட்களில் மணிக்கு 10½ நிமிடத்தையும், ஏனைய நாட்களில் 12 நிமிடத்தையும் மிகலாகாது என அது வரையறுத்தது.

நம் நாட்டு நிலையையும் நோக்குவோம். தமிழ்ச் சிறார்க்கெனச் சுட்டி டி.வி. 2007-இல் தோன்றிற்று. அமெரிக்கச் சிறுமி டோரா அதில் தமிழ் பேசினாள். அவளுடைய குரங்குத் தோழன் பூட்ஸ், தமிழிற் புஜ்ஜி ஆயினான். இணைபிரியாத இருவரை 'டோரா புஜ்ஜி' என்று நகையாடும் அளவிற்கு அப்பெயர்கள் வீட்டு வழக்கில் ஊறிவிட்டன. 2008-இல் ஐதராபாத்து கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தார், ராஜீவ் சிலகா என்பார் படைத்த சோட்டா பீம் தொடரைப் போகோ தொலைக்காட்சி வழியே வெளியிட்டனர். லட்டு உண்டால் வலிமை பெறும் டோலக்பூர்ச் சிறுவனாகிய அவன், நோட்டுப்புத்தக அட்டையிலும் பள்ளிப்பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் குடியேறினான். பிற நாட்டுப் பாத்திரங்களே ஆண்ட பொம்மைச் சந்தையில், இந்தியக் கதையினின்று பிறந்த ஒரு பாத்திரம் நிலைபெறக்கூடும் என்பதை அவன் காட்டினான்.

உரிமம் என்பது யாது?

லைசென்ஸ் எனப்படும் உரிமத்தின் இயல்பை விளக்க, பீமனே நல்ல எடுத்துக்காட்டு. பாரதக் கதையின் வீமன் எவர்க்கும் தனியுடைமை அல்லன். வில்லிபுத்தூரார் அவனைப் பாடினார். தெருக்கூத்தர் அவனாக ஆடினர். மதுரையை அடுத்த விளாச்சேரியிற் கொலுப்பொம்மை செய்வார் கதாயுதம் ஏந்திய வீமனை மண்ணில் வனைந்து விற்கலாம், தடுப்பார் எவருமிலர். ஆயினும், செம்மஞ்சள் வேட்டியுடன் திரையில் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட சிறுவனை அவ்வாறே வனைந்து விற்பின் சட்டம் குறுக்கிடும். கதை பொதுவுடைமை, வரைந்த உருவம் வரைந்தோரின் உடைமை.

இவ்வுடைமையைக் காக்கும் சட்டங்கள் நம் நாட்டில் மூன்று. ஓவியத்தையும் எழுத்தையும் காப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி ஓவியன் வாழ்நாள் முழுவதும், அவன் மறைந்தபின் 60 ஆண்டும் உரிமை நிலைக்கும். பெயரையும் முத்திரையையும் காப்பது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து இதனை எத்துணைக் காலமும் நீட்டிக்கலாம். தொழிற்சாலையிற் செய்யும் பண்டத்தின் வடிவத்தைக் காப்பது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டும், வேண்டின் மேலும் 5 ஆண்டும் காவல் உண்டு.

உருவத்துக்கு உரியவர், பொம்மை செய்வாரோடு ஓர் ஒப்பந்தம் எழுதுவர். எந்தப் பண்டம், எந்த நாடு, எத்தனை ஆண்டு என்பவை அதில் வரையறுக்கப்படும். திண்டுக்கற் பூட்டு ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சாவியே பொருந்துவதுபோல, ஓர் உரிமம் ஒரு கதவையே திறக்கும். பஞ்சுப்பொம்மை செய்ய உரிமம் பெற்றவர், அதே முகத்தைப் பள்ளிப்பையில் அச்சிடல் இயலாது. விற்ற பண்டத்தின் மொத்த விலையில் ஒரு பங்கு ராயல்டியாக உரிமையாளர்க்குச் செல்லும். அது பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 15 வரை அமையும். பங்கு நூற்றுக்கு 10 என்று கொள்வோமாயின், 100 ரூபாய் மொத்த விலையுள்ள பொம்மைக்கு 10 ரூபாய் உரிமையாளர்க்கு உரியது. விற்பனை குன்றினும் இவ்வளவு தந்தே தீர்வோம் என்னும் குறைந்தபட்ச உறுதித்தொகையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. சிறு முதலுடைய கைவினைஞர் இவ்வாயிலைக் கடக்கமாட்டாது நிற்பதற்கு இவ்வுறுதித்தொகையே பெருங்காரணம்.

படம் பாவையாதல்

உரிமம் பெற்றபின்னரே வடிவமைப்போன் பணி தொடங்கும். உரிமையாளர் அவனிடம் உருவவிதி ஏடு ஒன்றை அளிப்பர். பாத்திரத்தை முன்னும் பின்னும் பக்கமும் நோக்கி வரைந்த படங்கள், தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவு, ஒவ்வொரு வண்ணத்துக்கும் உரிய எண், நகை சினம் வியப்பு முதலிய மெய்ப்பாடுகள், செய்யலாகாத தோற்றங்கள் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இலக்கணம் கற்பார்க்கு நூற்பா எத்தகையதோ, வடிவமைப்போனுக்கு இவ்வேடு அத்தகையது.

ஏடு எவ்வளவு விரிவாயினும், தட்டையான படத்தைத் திரண்ட உருவாக்குதல் எளிதன்று. படம் வரைவோன் கண்ணை மயக்கலாம். பொம்மை செய்வோன் கையை மயக்க இயலாது. மிக்கி எலியின் காதுகளைக் கருதுக. அவ்வெலி எத்திசை திரும்பினும் அதன் இரு காதுகளும் இரண்டு முழுவட்டங்களாகவே வரையப்படும். உண்மையான பொருளுக்கு அஃது இயலாது. காதைத் தலையின் எவ்விடத்தில், எக்கோணத்தில் நாட்டினால் குழந்தை அதனை 'இதுவே நம் மிக்கி' என ஏற்கும் என்பதைச் சிற்பி ஆராய்ந்து துணிதல் வேண்டும்.

நிற்றலும் ஓர் இடர்ப்பாடு. சிறுவர்க்கான சித்திரப் பாத்திரங்கள் பெரும்பாலும் பெருந்தலையும் சிற்றடியும் உடையன. திரையில் அவை விழா, மேசைமேல் விழும். ஆகலின் பாதத்தைச் சிறிது அகற்றியும், தலையை உள்ளீடற்றதாக்கியும், அடியிற் கனம் சேர்த்தும் வடிவமைப்போன் சமன் செய்கின்றான். கனம் அடியில் நிற்பின் உருவம் சாய்ந்தும் மீளும் என்னும் இந்நுட்பத்தைத் தஞ்சாவூர்ப் பொம்மை செய்வார் நெடுங்காலமாக அறிவர். தள்ளினும் எழுந்து நிற்கும் அப்பொம்மையே அதற்குச் சான்று.

பின்னர் உருவம் வடிக்கப்படும். முன்னாளில் மெழுகிலும் களிமண்ணிலும் வடித்தனர். இந்நாளிற் பெரும்பாலோர் கணினியில் வடித்து, முப்பரிமாண அச்சுப்பொறியால் மாதிரி எடுக்கின்றனர். மாதிரி உரிமையாளரிடம் செல்லும். மூக்கு நீண்டது, கன்னம் ஒட்டியது என்று திருத்தங்களோடு மீளும். ஒப்புதல் வந்தபின்னரே எஃகு அச்சு வெட்டுவர். கொழுக்கட்டை அச்சுப் போல அது இரு பாதியாய் அமையும். உருகிய பிளாஸ்டிக்கை உட்செலுத்தி, குளிர்ந்தபின் திறந்து பொம்மையை எடுப்பர். கொழுக்கட்டை அச்சில் ஒட்டாது வருவதற்கு விளிம்பு சரிந்திருத்தல் வேண்டுமன்றோ? இங்கும் அங்ஙனமே. உட்குடைந்த வளைவு இருப்பின் பொம்மை அச்சினுட் சிக்கும். இரு பாதியும் சேருமிடத்திற் கோடு ஒன்று விழும். அக்கோடு முகத்தின் நடுவே ஓடாது, காதின் பின்னும் உடையின் ஓரத்தும் மறையுமாறு முன்னரே எண்ணுதல் வேண்டும். எஃகு அச்சுப் பெருஞ்செலவு உடையது. ஆகலின், பிழைகளை அச்சு வெட்டுமுன் காண்பதே சிக்கனம்.

இறுதியில் வண்ணம். உடலின் வண்ணம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும். கண்ணும் புருவமும் மென்மையான முத்திரைக் கட்டையால் ஒற்றப்படும். கண்மணி மயிரிழை விலகினும் வீரன் மாறுகண்ணன் ஆவான். கடைகளில் தொங்கும் போலிகளை முதலிற் காட்டிக்கொடுப்பது இக்கண்ணே.

ஒரு லட்டும் ஒரு குழாயும்

சோட்டா பீம் பொம்மைக்கு லட்டு ஒன்றைக் கையிற் கொடுத்தல் எவர்க்கும் தோன்றும் எண்ணம். அதனைக் கழற்றி மாட்டத்தக்க சிறு உருண்டையாகச் செய்யின் குழந்தை மகிழும். ஆயினும் இங்கே ஒரு குழாய் குறுக்கே நிற்கின்றது. பொம்மைகளின் சிறு உறுப்புக்களைச் சோதிப்பதற்கென உலகெங்கும் வழங்கும் உருளைக்குழாய் அது; உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்ந்த அடியையுடைய அதன் ஆழம் 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையின் தொண்டையை நினைந்து அமைத்த அளவு இது. அவ்வயதினர்க்கான பொம்மையினின்று கழன்ற உறுப்பு எதுவாயினும், அழுத்தாமலே அக்குழாயினுள் முழுதும் அடங்குமாயின், அப்பொம்மை தகுதியற்றது. உருண்டையான பொருளுக்குத் தனி விதியும் உண்டு. ஆகவே, இளங்குழந்தைக்கான பொம்மையில் லட்டைக் கையோடு கையாக வார்த்தலே நெறி. பார்ப்பதற்குச் சிறியதாகிய இம்முடிவில் ஓர் உயிர் அடங்கியிருக்கின்றது.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதிற்குட்பட்டார் விளையாடும் பொம்மைகள் கூரிய முனை, நச்சு வண்ணம், எளிதிற் பற்றும் தீ முதலியவை குறித்துச் சோதிக்கப்பட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறுதல் வேண்டும் என்பது அதன் சாரம். இறக்குமதித் தீர்வையும் 2020-இல் நூற்றுக்கு 20-இலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது.

இவ்விடத்து அன்பர்கள் ஒன்றைத் தெளிதல் நன்று. உரிமம் வேறு, பாதுகாப்பு முத்திரை வேறு. உரிமம், உருவம் யாருடையது என்பதற்குச் சான்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை, பொம்மை சோதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. பொருளில்லாத பெற்றோர், புகழ்பெற்ற முகம் பொறித்த பொம்மையை வாங்க இயலாமைக்கு நாணவேண்டுவதில்லை. பெயரற்ற கரடியொன்று முத்திரையோடு இருப்பின், முத்திரையில்லாத பீமனினும் அதுவே மேல். பெயரைப் பாராது முத்திரையைப் பார்த்து வாங்குதல் வேண்டும் என்னும் இச்செய்தியைக் கற்றோர் தம் ஊர்க்குக் கொண்டுசெல்லல் கடனாகும்.

சேர்ப்போர் பொருள்

விளையாடுவதற்கன்றிச் சேர்த்துவைப்பதற்கென வாங்கப்படும் பொம்மைகளும் உண்டு. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் வளர்ந்தோரே. எண்ணிட்டு அளவாகச் செய்தல், உறையைப் பிரியாது காத்தல், வண்ணவேறுபாடு தேடல் ஆகியவை இவர்தம் இயல்பு.

இதற்கு அரியதோர் எடுத்துக்காட்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம். எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்க ஹாஸ்ப்ரோ நிறுவனமும் இணைந்து 1987-இல் இதனைத் தொடங்கின. ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரப் பொம்மை 1964-இற் பிறந்து, 1982-இல் 3¾ அங்குல உருவம் பெற்று, 1983 முதல் தொலைக்காட்சித் தொடரிலும் உலவிற்று. அதன் அச்சுக்களைக் கொண்டு ஃபன்ஸ்கூல் நம் நாட்டில் அவ்வீரர்களை வார்த்தது. ஈண்டு வார்த்த வீரர் சிலரின் வண்ணங்கள் அமெரிக்க வீரரினின்று வேறுபட்டன. அன்று நம் சிறார் மண்ணில் புரட்டி விளையாடிய அவ்வீரர்களை இன்று கடல்கடந்த நாட்டுச் சேர்ப்போர் விரும்பித் தேடுகின்றனர். ஓர் அச்சு நாடு மாறியமையால் உண்டான வேறுபாடே அதன் மதிப்பாயிற்று.

சேர்த்தலில் தீங்கில்லை. ஆயினும், உள்ளிருப்பது யாதென அறியாமல் வாங்கச் செய்யும் மூடிய பெட்டிகள் இந்நாளிற் பெருகியுள்ளன. வேண்டிய உருவம் கிட்டும் வரை மீண்டும் மீண்டும் வாங்கத் தூண்டுதல் சூதாட்டத்தின் நிழலாகும். வளர்ந்தோர் தம் பொருளை அங்ஙனம் செலவிடுவது அவர் விருப்பம். குழந்தையை அவ்வழியிற் பழக்குதல் நன்றன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சின்னத்திரைப் பொம்மை ஒன்றுக்கு மூவர் உரியவர் என்பது பெறப்படும். சட்டத்தால் உரியவர் உருவத்தைப் படைத்தவர். உழைப்பால் உரியவன் வடிவமைத்து வார்த்தவன். விளையாட்டால் உரியது குழந்தை. முதலிருவர் உரிமையை ஒப்பந்தம் காக்கின்றது. மூன்றாவது உரிமையைக் காக்க வல்லவன் வடிவமைப்போனே. பொத்தானை அழுத்துந்தோறும் ஒரே வாக்கியம் பேசும் பொம்மை விரைவிற் சலிக்கும். கையும் காலும் அசைந்து, வாய் பேசாதிருக்கும் பொம்மைக்குக் குழந்தை தானே சொல்லைத் தரும். அப்பொழுது பீமன் டோலக்பூரை விட்டு, ரெட்டியார்சத்திரத்து முருங்கைத் தோட்டத்தில் ஆடு மேய்க்கவும் கூடும். அதனைத் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

நம் கைவினைஞர்க்குத் திறம் குறைவன்று. திரையேறிய உருவமே குறைவு. கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்திற் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையினின்று விலக்கும் உண்டு. தஞ்சாவூர்ப் பொம்மை அக்குறியீடு பெற்றதே. வாயில் முற்றும் அடைபட்டதன்று. பாரதத்து வீமன் எவர்க்கும் பொதுவாய் இருந்தமையாலேயே ஐதராபாத்தில் ஒரு சோட்டா பீம் பிறந்தான். அவனே 2019-இல் பேச்சறியாக் குழந்தையாய் நெட்ஃபிளிக்ஸ் வழியே பிறநாட்டு வீடுகளிலும் தவழ்ந்தான். அத்தகைய பொதுச்செல்வம் தமிழில் நிரம்ப உண்டு. தெனாலிராமனும், பரமார்த்த குருவின் சீடர்களும், பாட்டிமார் கதைகளிற் காக்கையைப் பாடச்சொன்ன நரியும் எவருடைய உரிமத்துக்கும் உட்பட்டவர் அல்லர். அவர்க்கு முகம் வரைவாரும், அம்முகத்தைத் திரையேற்றுவாரும், பின் அதனைக் குழந்தையின் தொண்டைக்கு அஞ்சி, கைக்கு இசையப் பொம்மையாக வடிப்பாரும் நம் கல்லூரிகளினின்று எழுதல் வேண்டும். தமிழ் கற்கும் எமக்கும் அப்பணியில் ஒரு பங்கு உண்டென நம்புகின்றோம். கதை தருவார் இன்றிப் பொம்மைக்குப் பெயர் ஏது?